ஷாஹிர் அழிக்க மறந்த வரி

அம்மானில் லுவைப்தா மேட்டில், நகரத்துக் குடிநீர்க் குழாய்களுக்குப் படம் வரைந்து தருகிற சின்ன அலுவலகம் ஒன்றில் ஷாஹிர் வேலைக்குச் சேர்ந்தபோது அவனுக்கு இருபத்தாறு வயது. சர்க்காவில் லாரி ஓட்டுகிறவரின் மூன்றாவது மகன். படித்தது கணினி. அலுவலகத்தில் பதின்மூன்று பேர். அவர்களுடைய கணினிகள் எல்லாவற்றுக்கும் வைத்தியன் அவன் ஒருவன்தான். பிரிண்டர் காகிதத்தை மென்றாலும் அவன், இன்டர்நெட் போனாலும் அவன், அலுவலகத்தை நடத்துகிற எஞ்சினியர் ஃபவ்வாஸின் மகளுடைய டேப்லட் உடைந்தாலும் அவன். பொறுமைசாலி என்று பெயர் வாங்கியிருந்தான். கேட்டதையே நான்காம் முறை கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டான்.

எல்லாருடைய படங்களும் ஒரே சர்வரில் இருக்கும். அது வந்த நாளில் அதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஆளுக்கொன்று சொன்னார்கள். டீ கொண்டுவந்த அபூ ரிதா, "மன்சஃப்னு வைங்கய்யா. கறியும் தயிர்க்குழம்பும் சோறும். கல்யாணத்துலயும் அதான், சாவுலயும் அதான். எவனும் மறக்கமாட்டான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெயரே நிலைத்தது. காலையில் வந்ததும் மன்சஃபைத் திறப்பார்கள், மாலையில் மன்சஃபில் போட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தப் பதின்மூன்று பேரில் சுஹைலா மூத்தவர். ஐம்பத்தேழு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஜபல் ஹுசைனில் தனி வீடு. முப்பது வருடமாக வால்வுகளை வரைகிறவர். அம்மானில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வரும். எந்த வால்வைத் திருப்பினால் எந்தத் தெருவுக்கு நாள் விடியும் என்பது அவருக்கு மனப்பாடம். வால்வு திருப்புகிற மேஸ்திரிகள் போனில் சொல்லச் சொல்ல, கிழித்த காலண்டர் தாளின் முதுகில் பென்சிலால் குறித்துக்கொள்வார். படத்தில் ஏற்றி முடித்ததும் அந்தத் தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிடுவார். "ரெண்டு இடத்துல இருந்தா ரெண்டு உண்மை ஆயிடும்" என்பார். ஷாஹிர் அவரைக் காலாம்மா என்றுதான் கூப்பிடுவான், தாயின் தங்கையைக் கூப்பிடுவதுபோல.

2020 மார்ச்சில் ஊரடங்குச் சங்கு ஊதியது. ஒரே நாளில் எல்லாரும் மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வீட்டிலிருந்து அலுவலகத்துக்குள் நுழைய விபிஎன் என்ற வழியை ஷாஹிர் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தான். பூட்டிய சுரங்கம்போல அது. வீட்டில் இந்த முனை, அலுவலகத்தில் அந்த முனை. ஆனால் அவனும் டீ போடுகிற அபூ ரிதாவும் போக மீதிப் பதினொரு பேரும் ஒரே நாளில் அதைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை.

முதல் நாள் காலையிலேயே சுஹைலாவின் போன் வந்தது.

"ஷாஹிரு, மன்சஃப் வரமாட்டேங்குதுப்பா."

"என்ன சொல்லுது காலாம்மா?"

"அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதுங்குது. முப்பது வருஷமா அந்த ஆபீஸ்ல குப்பை கொட்டறேன், எனக்கே இல்லைங்குது பாரு."

"விபிஎன் பச்சையா இருக்கா?"

"பச்சப்பசேல்னு இருக்கு."

"அப்ப நம்பர் சொல்றேன், அதைப் போட்டுப் பாருங்க. நூத்தித் தொண்ணூத்திரண்டு, புள்ளி, நூத்தி அறுபத்தெட்டு, புள்ளி..."

"இரு இரு. புள்ளியெல்லாம் யாரு கேட்டா? ம், சொல்லு." தட்டுகிற சத்தம் கேட்டது. "அட, திறந்துருச்சே! எல்லாம் இருக்கே! ஆனா ஒண்ணு சொல்லிடறேன் மகனே, தினமும் இந்த நம்பரைப் பாராயணம் பண்ண என்னால ஆகாது. நான் என்ன பேங்குக்கா போறேன்?"

எண்ணைப் போட்டால் திறக்கிறது, பெயரைப் போட்டால் திறக்கவில்லை. சுரங்கத்தில் அடைப்பில்லை என்பது ஷாஹிருக்கு அப்போதே புரிந்துவிட்டது. அலுவலகத்தில் இருக்கும்போது ஒரு கணினி 'மன்சஃப் எங்கே?' என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்லவே அங்கே ஒரு பெட்டி உண்டு. அது எண்ணைச் சொல்லும். வீட்டிலிருந்து கேட்கும்போதோ, கேள்வி அந்த வீட்டு இன்டர்நெட் பெட்டியிடம் போகிறது. சுஹைலா வீட்டுப் பெட்டி மன்சஃபை எங்கே கண்டது? இல்லை என்று கையை விரிக்கிறது.

முறையான வைத்தியம் ஒன்றுதான். விபிஎன் சாதனத்திலேயே, இந்த வழியாக வருகிறவர்கள் எல்லாரும் பெயர்களை அலுவலகப் பெட்டியிடமே கேட்க வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும். ஆனால் அந்தச் சாதனத்தின் கடவுச்சொல் வெளியாள் ஒருவரிடம் இருந்தது. அவர் அகபாவுக்குப் போன இடத்தில் ஊரடங்கில் மாட்டிக்கொண்டு போனை எடுக்கவில்லை. ஃபவ்வாஸ் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கூப்பிட்டார்.

"என்னய்யா ஆச்சு? பதினோரு பேரு வீட்டுல உக்காந்து வெங்காயம் உரிச்சிட்டு இருக்கான்."

"பாத்துட்டே இருக்கேன் எஞ்சினியரே."

"பாத்தது போதும். முடி."

ஷாஹிர் குறுக்கு வழிக்குப் போனான். ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு பழைய சிறு கோப்பு உண்டு. இன்ன பெயர் இன்ன எண்ணில் இருக்கிறது என்று அதில் ஒரு வரி எழுதிவிட்டால், கணினி அதன் பிறகு யாரையும் கேட்காது. அந்த வரியையே வேதமாக எடுத்துக்கொள்ளும். பதினொரு மடிக்கணினிகளிலும் தூரத்திலிருந்தே நுழைந்து பதினொரு முறை அதே வரியை எழுதினான். ஆளுக்கு நான்கு நிமிடம். மதியத்துக்குள் எல்லாருக்கும் மன்சஃப் திறந்தது. ஃபவ்வாஸ், "உன் கைக்கு மோதிரம் போடணும்" என்று செய்தி அனுப்பினார்.

இது நிரந்தரமில்லை என்று அவனுக்குத் தெரியும். எண் என்றைக்காவது மாறினால் இந்த வரி மாறாது. சரியான வைத்தியம் ஆனதும் பதினொன்றையும் அழித்துவிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டினான்.

ஜூனில் அகபாக்காரர் வந்தார், விபிஎன் சரியானது. ஷாஹிர் ஒரே நாளில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வரியை அழித்துக்கொண்டு வந்தான். பத்து முடிந்தது. பதினொன்றாவது சுஹைலா.

"இன்னிக்கா? இன்னிக்கு எனக்குத் தண்ணி நாளாச்சே! மெஷின் ஓடுது, மாடித் தொட்டி ரொம்பிட்டு இருக்கு, நான் பாவாடையைத் தூக்கிச் சொருகிட்டு பக்கெட்டோட நிக்கறேன்."

"ரெண்டே நிமிஷம் காலாம்மா. நீங்க லேப்டாப்பைத் திறந்து வெச்சாப் போதும்."

"தண்ணி ரெண்டு நிமிஷம் நிக்குமா எனக்காக? ஊருக்கே வால்வு வரையறவ வீட்டுல பாத்திரம் காலியா இருந்தா சிரிக்கமாட்டாங்க? நாளைக்கு வா மகனே."

அந்த ஊரில் இதற்கு மேல் பேச்சில்லை. தண்ணீர் நாள் என்றால் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப் போடுவார்கள். ஷாஹிரின் சொந்த வீட்டிலும் அப்படித்தான். சரி என்று வைத்துவிட்டான். மறுநாள் அவனுடைய கைக்குழந்தைக்குக் காய்ச்சல். அதற்கடுத்த நாள் வேறு வேலை. மேசையில் ஒட்டிய தாள் எப்போது விழுந்தது என்று அவன் கவனிக்கவில்லை. அந்த வரியால் அப்போது யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. எண் இன்னும் அதே எண்தான். அதனால் அது நினைவுக்கும் வரவில்லை.

செப்டம்பர் கடைசியில் புது சர்வர் வந்தது. ஷாஹிர் பழையதிலிருந்த எல்லாவற்றையும் அதற்குள் நகலெடுத்தான். மன்சஃப் என்ற பெயரைப் புதியதற்குக் கொடுத்தான்; எண் மட்டும் வேறு. பதில் சொல்லும் பெட்டியில் புது எண்ணை எழுதினான். பழையதை உடனே அணைத்துவிட வேண்டாம், இரண்டு மாதமாவது ஓடட்டும், எதையாவது விட்டிருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றார் ஃபவ்வாஸ். அது அதன் பழைய எண்ணோடு பின்னறையில் ஓடிக்கொண்டிருந்தது.

மற்றவர்கள் அதற்குள் முறைவைத்து அலுவலகம் வரத் தொடங்கியிருந்தார்கள். சர்க்கரை வியாதி இருந்ததால் சுஹைலா மட்டும் வீட்டிலேயே வேலை செய்தார். அவருடைய மடிக்கணினி யாரையும் கேட்கவில்லை. மன்சஃப் என்று அவர் தட்டியபோதெல்லாம் அது அந்த ஒற்றை வரியைப் பார்த்து அவரைப் பழைய சர்வருக்கு அழைத்துப் போனது. அங்கே அவருடைய பழைய படங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அவருக்கு ஏன் சந்தேகம் வரப் போகிறது? அஷ்ரஃபிய்யா சரிவின் வால்வுப் படங்களை, பத்து வாரமாக, ஒவ்வொன்றாக வரைந்து அங்கேயே சேமித்தார். டிசம்பர் கடைசியில் மொத்தமாக ஒப்படைக்க வேண்டும். இடையில் யாரும் அந்தப் படங்களைத் திறந்து பார்க்கவில்லை. "சுஹைலா வேலையை எட்டிப் பாக்கறது, நம்ம பாக்கெட்டை நாமே தடவிப் பாக்கற மாதிரி" என்பார் ஃபவ்வாஸ்.

டிசம்பர் மத்தியில் ஒரு வியாழக்கிழமை மாலை, வேலைநேரம் முடிந்த பிறகு, ஷாஹிர் பழைய சர்வரைத் துடைத்தான். அதன் வட்டுகளை ஒரு பெண்கள் பள்ளிக்குக் கொடுப்பதாக இருந்தது. அதனால் வெறுமனே அழிக்காமல், மேலே குப்பை எழுத்தை முழுக்க எழுதித் துடைத்தான். அதற்கு முன் நிரப்ப வேண்டிய ஒரு படிவம் உண்டு. அதில் நான்காவது கேள்வி: கடைசியாக இதில் எப்போது எழுதப்பட்டது என்று பார்த்தாயா? ஷாஹிர் ஐந்து கேள்விகளுக்கும் ஒரே மூச்சில் சரிக்குறி போட்டுக் கையெழுத்திட்டான். செப்டம்பருக்குப் பிறகு அதைத் தொட ஆளே இல்லை என்று அவனுக்குத்தான் தெரியுமே.

ஞாயிற்றுக்கிழமை, வாரத்தின் முதல் வேலைநாள், சுஹைலா கூப்பிட்டார்.

"ஷாஹிரு, மறுபடி மன்சஃப் இல்லையாம்ப்பா. பழைய கதை."

அவன் சிரித்துக்கொண்டேதான் அவருடைய கணினிக்குள் நுழைந்தான். பெயரைக் கொடுத்தான், பதில் இல்லை. பெயர் எந்த எண்ணுக்குப் போகிறது என்று பார்த்தான். பழைய எண். அந்தச் சிறு கோப்பைத் திறந்தான். ஒரே ஒரு வரி.

செப்டம்பர் கடைசியிலிருந்து இன்று வரை என்று விரல்விட்டு எண்ணினான்.

"என்னப்பா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் காலாம்மா."

வரியை அழித்தான். மன்சஃப் திறந்தது. புது மன்சஃப்.

"ஆங், வந்துருச்சு. இரு... அஷ்ரஃபிய்யா எங்க? ஷாஹிரு, அஷ்ரஃபிய்யா காலியா இருக்கே. நாப்பத்தொரு படம்ப்பா. வியாழக்கிழமைகூட ஒண்ணு போட்டேனே."

இந்த இடத்தில் அவன் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். 'காலாம்மா, நான்தான் தப்புப் பண்ணிட்டேன்.' அதை அவன் பின்னாளில் எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறான். மூன்று வினாடிகூட ஆகாது. அன்று சொன்னது வேறு.

"பாக்கறேன் காலாம்மா. கொஞ்சம் டைம் குடுங்க."

போன படங்களை மீட்டுவிட்டால் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, துடைத்த வட்டுகளை ஒவ்வொன்றாக மாட்டி, தெரிந்த கருவிகளையெல்லாம் ஓட்டினான். அவன் கெட்டிக்காரன், துடைத்ததைச் சுத்தமாகத் துடைத்திருந்தான். வந்ததெல்லாம் குப்பை எழுத்துதான். மாலை நான்கு மணிக்கு அபூ ரிதா டீயோடு கதவைத் தட்டினார்.

"என்ன மாப்ளே, உள்ள தாழ் போட்டுக்கிட்டு? பொண்ணு பாக்கவா போன?"

"ஒண்ணுமில்ல அபூ ரிதா."

"மூஞ்சி சொல்லுதே, ஒண்ணுமில்லாததை."

அன்றும் சொல்லவில்லை. திங்களன்று சொல்லலாம் என்றிருந்தான். திங்களன்று ஃபவ்வாஸ் வரவில்லை. செவ்வாயன்று கூட்டம்.

சுஹைலா முகக்கவசத்தோடு நேரில் வந்திருந்தார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அலுவலகத்தில் கால் வைக்கிறார். சற்று இளைத்திருந்தார். ஃபவ்வாஸ் கெட்டவரில்லை, குரலை உயர்த்தக்கூட இல்லை.

"சுஹைலா, நான் உங்களைக் குறை சொல்லல. படம் எங்கன்னு மட்டும் கேக்கறேன்."

"மன்சஃப்ல போட்டேன்."

"அங்க ஒண்ணுகூட இல்லையே."

"நாப்பத்தொண்ணு போட்டேன் எஞ்சினியரே. என் ரெண்டு கண்ணால பாத்தேன். தினமும் திறந்தேன், தினமும் இருந்துச்சு. மேஸ்திரிங்களைக் கேளுங்க, நான் போன் பண்ணினேனா இல்லையான்னு."

"போன் பண்ணினா படம் வரைஞ்சதா ஆயிடுமா?" ஃபவ்வாஸ் ஷாஹிர் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. நம்ம பக்கம் ஏதாவது கோளாறு இருக்கா? தானா அழிஞ்சிருக்குமா?"

"சர்வர்ல கோளாறு இல்ல."

"யாராவது அழிச்சிருந்தா தெரியுமா?"

"தெரியும். பதிவு இருக்கும். அழிச்ச பதிவு இல்ல."

"போட்ட பதிவு?"

ஷாஹிர் மேசையைப் பார்த்தான். "இல்ல. அக்டோபர்ல இருந்து அவங்க கணக்குல இருந்து இந்த மெஷினுக்கு ஒண்ணும் வரல."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. இந்த மெஷின் என்று அவன் சொன்னது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை.

சுஹைலா எல்லாருடைய முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஷாஹிரின் முகத்தில் நின்றார். அவனிடம் உதவி கேட்கிற பார்வை அது. ஃபவ்வாஸ் மெதுவாகக் கேட்டார், "முன்னாடி ஏதாவது இப்படி... அவங்களுக்குக் குழப்பம் ஏதாவது வந்துச்சா?"

"ரெண்டு தடவை பாஸ்வேர்ட் மறந்துட்டாங்க" என்றான் ஷாஹிர்.

அதுவும் உண்மைதான். அந்த வருடம் ஃபவ்வாஸ் ஐந்து தடவை மறந்தார். ஆனால் சுஹைலாவின் தாய் கடைசி ஆறு வருடம் பெற்ற மகளையே யாரென்று கேட்டவர். அது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். வார்த்தை விழுந்ததும் சுஹைலாவின் கை முகக்கவசத்தைத் தொட்டது. அதற்குப் பிறகு அவர் நாற்பத்தொன்று என்ற எண்ணைச் சொல்லவில்லை.

"அப்படித்தான் இருக்கும்" என்றார். "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்குச்சு. சமைச்சேன்னு சொல்லுவாங்க, அடுப்புல ஒண்ணும் இருக்காது."

திரும்ப வரைந்து தருகிறேன் என்றுகூட அவர் சொல்லவில்லை. வருடக் கடைசியில் அவராகவே விலகிக்கொண்டார். மடிக்கணினியை அபூ ரிதாவிடம் கொடுத்தனுப்பினார். அதில் சமீபத்தில் திறந்த கோப்புகளின் பட்டியல் இருந்திருக்கும். நாற்பத்தொரு படங்களின் பெயரும் தேதியும் அங்கே வரிசையாக இருந்திருக்கும். ஷாஹிருக்கு அது தெரியும். திறந்து பார்க்கத் துணிவில்லை. அடுத்து வருகிறவருக்காக என்று சொல்லி, அதையும் துடைத்தான்.

பிறகு வந்த இரண்டரை வருடத்தில் ஷாஹிருக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது, சம்பளம் உயர்ந்தது, முன்னந்தலையில் முடி போனது. சுஹைலாவைப் பற்றிய சேதிகளை அபூ ரிதா டீயோடு கொண்டுவந்து வைப்பார். டாக்டரிடம் போனாராம், ஞாபகத்தைச் சோதிக்கக் கடிகாரம் வரையச் சொன்னார்களாம். டாக்டர் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் கவனமாக இருங்கள் என்றாராம். அந்த 'ஆனால்' அவரைப் பிடித்துக்கொண்டதாம். காரை விற்றுவிட்டார். வீட்டைக் காலி செய்துவிட்டு சல்ட் ஊரில் தம்பி தவ்ஃபீக் வீட்டுக்குப் போய்விட்டார். சமையலறை அலமாரிக் கதவுகளில் அரிசி, பருப்பு என்று எழுதி ஒட்டியிருக்கிறாராம்.

"தனியா சிங்கம் மாதிரி இருந்த பொம்பளை" என்பார் அபூ ரிதா. "இப்ப கடைக்குப் போகக்கூடத் தம்பி மகளைத் துணைக்குக் கூப்பிடுது."

ஷாஹிர் டீயைக் குடிப்பான். நாளைக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பான். நாள் ஆக ஆக, சொல்லவேண்டியது தப்போடு நிற்காமல், சொல்லாமல் இருந்த நாட்களையும் சேர்த்து என்று ஆகிக்கொண்டே போனது.

அலுவலகத்தில் ஒரு கேலி முளைத்திருந்தது. செய்யாத வேலையைச் செய்தேன் என்று யாராவது சொன்னால், "என்ன, சுஹைலா படமா?" என்பார்கள். ஷாஹிர் அதற்குச் சிரித்ததில்லை. ஆனால் நிறுத்தச் சொன்னதுமில்லை. 2023 கோடையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், சுஹைலாவின் முகத்தையே பார்த்திராதவள், பிரிண்டருக்கு அனுப்பினேன் என்று சொன்ன பக்கத்து மேசைக்காரனிடம் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "சுஹைலா படமா அண்ணே?"

அந்தச் சனிக்கிழமை, விடுமுறை. ஷாஹிர் சல்ட்டுக்கு பஸ் ஏறினான். மனைவி லுப்னாவிடம் முதல் நாள் மாலையே எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அவள், "பொண்ணுக்குக் காய்ச்சல்னுதானே விட்ட? அதைப் போயி அங்க காரணமா சொல்லாத" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

தவ்ஃபீக்கின் வீடு குன்றுச் சரிவில் எழுபது படி மேலே. கூடத்தில் உட்கார வைத்தார்கள். சுஹைலா தம்பி மகளோடு வந்தார். உடல் நன்றாகத்தான் இருந்தது. அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஒரு நொடி தயங்கி, "ஷாஹிர்தானே?" என்றார். சரியாகச் சொல்லிவிட்டோமா என்று தம்பியை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

தவ்ஃபீக் ஏலக்காய் மணக்கும் காப்பியை ஊற்றிக் கொடுத்தார். ஷாஹிர் அதை வாங்கி, குடிக்காமல் எதிரில் வைத்தான். காரியத்தோடு வந்தவன்தான் அங்கே அப்படி வைப்பான். தவ்ஃபீக் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குடி தம்பி. என்ன கேக்க வந்தியோ, முடிஞ்சா செய்யறேன்."

"கேக்க வரலைங்க. சொல்ல வந்தேன்."

சொன்னான். சுரங்கம், வரி, தண்ணீர் நாள், பழைய சர்வர், படிவத்தில் பார்க்காமல் போட்ட சரிக்குறி, கூட்டத்தில் சொன்னது, சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும். குழந்தையின் காய்ச்சலைச் சொல்லவில்லை. தவ்ஃபீக்குக்குப் பாதி புரியவில்லை. ஆனால் புரியவேண்டியது புரிந்தது. அவர் பாதி எழுந்தார்; அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

சுஹைலா முழுவதையும் கேட்டார். குழாய்ப் படத்தைப் படிக்கிறவர்போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"அப்ப, நான் வரைஞ்சேங்கற."

"வரைஞ்சீங்க காலாம்மா. எல்லாம் பழைய மெஷின்ல இருந்துச்சு. நான்தான் அழிச்சேன்."

"நீ பாத்தியா?"

"என்னது?"

"அழிக்கறதுக்கு முந்தி. ஒரு படமாவது திறந்து பாத்தியா? ஒண்ணு? அஷ்ரஃபிய்யான்னு எழுதின ஃபோல்டர்ல ஏதாவது இருந்துச்சா? உன் கண்ணால பாத்தியா?"

கீழே எங்கோ காய்கறி வண்டிக்காரன் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனான்.

இந்த முறை பொய் சொல்லக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போதே அவன் தீர்மானித்திருந்தான்.

"பாக்கல" என்றான்.

"என் லேப்டாப்புல?"

"அதையும் பாக்கல. ஆனா இருந்துருக்கும் காலாம்மா. அந்த வரி அங்கதான் கூட்டிட்டுப் போயிருக்கும். வேற எங்கயும் போக முடியாது."

சுஹைலா மெல்லத் தலையாட்டினார். ஒரு கதவு திறந்து, உள்ளே யாருமில்லை என்று தெரிந்துகொண்டவர்போல இருந்தது. எழுந்து வந்து அவன் தலையில் கை வைத்தார்.

"அந்த வரி இருந்துருக்கும் மகனே. அதை நீ பாத்த. படம் இருந்துச்சுன்னு நீயும் நினைக்கற, நானும் நினைச்சேன். எங்கம்மா சமைச்சேன்னு நினைச்ச மாதிரி." தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "நீதானே இவனைக் கூட்டி வந்து சொல்லச் சொன்ன?"

"அல்லா சத்தியமா இல்ல அக்கா! இவன் யாருன்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

"இருக்கட்டும், இருக்கட்டும். நல்ல மனசு ரெண்டு பேருக்கும்." அவனுடைய கோப்பையை எடுத்தார். "ஆறிப்போச்சு. வேற கொண்டு வரேன்."

சமையலறையில் அவர் ஏதோ தேடுகிற சத்தம் வந்தது. ஒரு கதவு, பிறகு இன்னொரு கதவு. தம்பி மகள் எழுந்து உள்ளே ஓடினாள்.

தவ்ஃபீக் அவனைப் படி வரைக்கும் கொண்டுவந்து விட்டார். திட்டுவார் என்று ஷாஹிர் காத்திருந்தான். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். தவ்ஃபீக் கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு எதிர்க் குன்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாழ்ந்த குரலில், உண்மையாகவே புரியாமல் கேட்பவர்போலக் கேட்டார்:

"அன்னிக்கு ஆபீஸ்ல அத்தனை சொன்னியே. இன்னிக்கு ஒரே ஒரு தடவை, பாத்தேன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

ஷாஹிர் எழுபது படிகளையும் இறங்கினான். பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. மூன்று பஸ்கள் வந்து போயின, அவன் ஏறவில்லை. திரும்பி மேலே போய், 'காலாம்மா, இப்பதான் ஞாபகம் வருது, ஒண்ணைத் திறந்து பாத்தேன்' என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். எப்படி இருந்துச்சு என்று அவர் கேட்பார். எந்தத் தெரு, எந்த வால்வு என்று கேட்பார். அஷ்ரஃபிய்யா சரிவில் ஒரு வால்வுகூட எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

நான்காவது பஸ்ஸில் ஏறினான்.